பத்துப் பேர் கூடினால் புத்தகம்

ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரு கால்நடைப் பல்கலைக்கழகமாம். அங்கே பத்து மாணவர்கள் அருகருகே நின்றால் அது ஒரு புத்தகம்.

சட்டம் அப்படி. பாடநூலில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஒரு மாணவருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். அதனால் பேராசிரியை செண்பகவல்லி, எருமைப் பிரசவம் பற்றித் தான் எழுதிய நூலைப் பத்தாகப் பிரித்து, பத்துப் பேருக்கு ஆளுக்கொரு பங்கு படிக்கக் கொடுத்தாள். அதிலிருந்து விடுதியில் மேசைக்கு ஒன்பது தட்டுதான். ஆண்டுவிழாப் படத்தை இரண்டு பாதியாக எடுத்தார்கள்.

எழுதியவளுக்கே எல்லாம் தெரியுமே என்றால், தெரியாது. பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே, முன்னுரை தவிர மற்றதெல்லாம் அவள் தலையிலிருந்து இறங்கிப் பதிப்பகத்துக்குப் போய்விட்டது. பதினெட்டு வருடம் தொழுவம் தொழுவமாக முழங்கை வரை கைவிட்டுக் கற்றது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேச்சித்தாய் என்பவள் தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தாள். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. தலை உள்ளே மடங்கிக் கிடந்தது. தலையைத் திருப்பும் முறை ஏழாம் பங்கில் இருந்தது. அதைப் படித்த பர்ஜானா மதிலுக்கு வெளியே நின்றாள். உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர்.

வாசலில் பதிப்புரிமை அலுவலர் அருமைநாயகம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரை வெளியே அனுப்பிட்டு அவங்களைக் கூப்பிடுங்க மேடம்."

"யாரை சார் அனுப்ப? நாலாம் பங்கு நாடி பிடிச்சிருக்கான். எட்டு கயித்தைப் பிடிச்சிருக்கா. பத்து இருந்தாத்தான் கன்னுக்கு மூச்சு."

"ஒண்ணாம் பங்கு?"

"கை கழுவுறது."

"கழுவியாச்சுல்ல?"

"மறுபடி மறுபடி கழுவணும் சார். நீங்க ஒரு தடவை கழுவிட்டு நிக்கிற மாதிரி இல்லை."

எருமை முனகியது. வெளியே தெரிந்த கால்கள் நீலம் பாரித்தன.

"எய்யா, தாயும் பிள்ளையும் சாகக் கெடக்கு, நீரு கடலை எண்ணுத மாதிரி தலையை எண்ணுதீரே!" என்றாள் பேச்சித்தாய். "உம்மைப் பெத்தப்ப ஒருத்தி இப்படி எண்ணிக்கிட்டு நின்னிருக்கணும்!"

அருமைநாயகம் அதையும் குறித்துக்கொண்டார்.

செண்பகவல்லி குரலை உயர்த்தவில்லை. "பர்ஜானா, சுவரேறிக் குதி."

குதித்தாள். பத்துப் பேரும் தங்கள் பங்கை ஒன்று முதல் பத்து வரை வரிசையாகச் சொல்ல, பர்ஜானாவின் கை உள்ளே போய்த் தலையைத் திருப்பியது. கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது.

"பத்துப் பேரும் பத்துத் திசையாக் கலைஞ்சு போங்க," என்றார் அருமைநாயகம். எட்டுப் பேர் எட்டுத் திசையில் போனார்கள். ஒன்பதாமவன் வானம் நோக்கி நடந்தான். பத்தாமவன் கிணற்றுப் படியில் இறங்கிக்கொண்டே போனான்.

"இந்தக் கன்னு முழு நூல்லேருந்து வந்தது. பதிப்பகத்துக்குச் சேரணும்," என்றார் அவர். "உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டும்மா. எது வேணும்?"

பேச்சித்தாய் யோசிக்கவேயில்லை. "வாயும் நாலு காலும்."

அவர் நிறுத்துப் பார்த்தார். சரியாகப் பத்தில் ஒரு பங்கு இருந்தது. ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பேச்சித்தாய் எருமையை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். நாலு காலும் பின்னாலேயே ஓடின. எருமை நின்ற இடத்திலெல்லாம் வாய் மடியை முட்டி முட்டிக் குடித்தது.

அருமைநாயகத்தின் கக்கத்தில் கன்றின் வயிறு நிறைய ஆரம்பித்தது. பத்தடிக்குள் தோளில் ஏற்றிக்கொண்டார். வாசலை எட்டுவதற்குள் முட்டி மடங்கி, அதன் அடியில் உட்கார்ந்துவிட்டார். வயிறு இன்னும் நிறைந்துகொண்டிருந்தது.

"மேடம், ஒரு கை பிடிங்க."

செண்பகவல்லி புடவையில் கையைத் துடைத்தாள். கோபம் ஆறவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.