அணைக்காத கணினி

அந்த ஒரு கணினி மட்டும் சிவப்பாகவே நின்றது. கரகந்தி நகரில் வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் எங்கள் அலுவலகத்தின் மற்ற கணினிகளில் எல்லாம் புதிய பாதுகாப்பு மென்பொருள் ஏறிப் பச்சையாகிவிட்டது. மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவில் இருந்த இது மட்டும் 'நிறுவப்படவில்லை' என்றே சாதித்தது. என் மேசையிலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தேன். வந்து சேர்ந்தது என்று சொல்லும். சரிபார்க்கப் போனால் கையை விரிக்கும். மாலைக்குள் பச்சையாகாத கணினியை அஸ்தானா தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே முழுக்கத் துடைத்துவிடுவார்கள். யாருடையது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அது ரௌஷானுடையது. முதல் பனி விழுந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுக்கு எதிர் மேசைக்காரி கம்ஷாத் அக்காவிடம் காலையில் போனில் கேட்டிருந்தேன்.

"அதை ஒரு தடவை அணைச்சுப் போட்டீங்களாக்கா?"

"தினமும்தான் அணைக்கிறேன் கண்ணு."

எங்கள் தொழிலில் இந்தப் பதிலை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். மாடியேறிப் போனேன்.

வெள்ளிக்கிழமை, இறந்தவர்களை நினைத்து ரொட்டி சுடும் நாள். அறை முழுக்க எண்ணெயில் பொரித்த ஷெல்பெக் ரொட்டி வாசம். ரௌஷான் பெயரைச் சொல்லிச் சுட்டு எடுத்துவந்து எல்லாருக்கும் பங்கிட்டிருந்தாள் அக்கா. எனக்கும் ஒன்றைக் கொடுத்து, கிண்ணத்தில் பால் தேநீரை விளிம்பு வரை ஊற்றினாள்.

"வந்ததும் வராததுமா விரட்டுறீங்களே."

எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"உனக்கு இங்க என்னடா வேலை, ஒல்ஜாஸ்? அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுது."

ரௌஷானின் மேசையில் திரை இருட்டாக இருந்தது. கீழே குனிந்து பெட்டியைத் தொட்டேன். சுட்டது. அதை அணைக்கும் பொத்தானின் மேல் ஒட்டுநாடா, ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்குப் புரிந்துவிட்டது. மென்பொருள் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது. ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் அது முழுசாக உட்காரும். அதுவரை சரிபார்க்கிறவன் கண்ணில் படாது. அக்கா தினமும் அணைத்தது திரையை மட்டும். உள்ளே, ரௌஷான் கடைசியாகத் திறந்து வைத்துவிட்டுப் போனதெல்லாம் அப்படியே திறந்து கிடந்தது.

"அணைச்சேன்னு சொன்னீங்க."

"திரையை அணைச்சேன்ல. பொய்யா சொன்னேன்?"

பெட்டியை அணைத்தால் மறுபடி உள்ளே போக முடியாது. ரௌஷானின் நுழைவுக் கணக்கை அலுவலகம் எப்போதோ மூடிவிட்டது. அது அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து திரையைப் போட்டாள். பதினொரு மணி. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு செய்திக் கட்டம் எழும்பி வந்தது: 'கம்ஷாத், டீ. கணக்கு எங்கேயும் ஓடிடாது.'

அக்காவை டீக்குக் கூப்பிட, உடம்பு நன்றாக இருந்த நாளில் ரௌஷான் போட்டு வைத்த நினைவூட்டல். தினமும் வருகிறது.

"இதை உங்க கணினியில போட்டுத் தர்றேன்கா. இதே நேரம், இதே வார்த்தை."

"எனக்கு நானே சொல்லிக்கவா?"

அஸ்தானாவில் மாலை என்ன செய்வார்கள் என்பதை அப்போதுதான் சொன்னேன். என்னாலும் தடுக்க முடியாது என்றேன். அவள் ரொட்டித் தட்டைத் துணியால் மூடினாள். திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அவளைக் கடைசியாக் குளிப்பாட்டினப்ப நானும் நின்னேன்டா. வெளி ஆள் கை படல."

மேசைக்கடியில் மண்டி போட்டு, ஒட்டுநாடாவை நகத்தால் கீறி உரித்தாள். உதவப் போனேன்.

"நீ தொடாதே."

அவளே அமுக்கினாள். பெட்டியின் இரைச்சல் நின்றதும்தான் அது இத்தனை நாள் இரைந்துகொண்டிருந்தது காதுக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினாள். திரை வெளுத்து, யார் நீ என்று கேட்கும் வெற்றுக் கட்டத்தோடு நின்றது. சிறிது நேரத்தில் என் போனில் சிவப்பு பச்சையானது. நான் அவளிடம் சொல்லாமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கா இழுப்பறையைத் திறந்து, நீலக்கரை போட்ட ரௌஷானின் கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். பால் விட்டாள், தேநீர் ஊற்றினாள். பாதியில் கை நின்றது. பிறகு விளிம்பு வரை ஊற்றி, சிந்தாமல் எடுத்துப்போய் அந்தத் திரைக்கு முன்னால் வைத்தாள்.