விமானப்படை தேடிய விருந்தாளி

மட்டை அரிசி விலை கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறிய அதே செவ்வாய்க்கிழமை காலையில், வலியசாலை அக்ரகாரத்தில் சூடாமணி வீட்டு மொட்டைமாடிக்கு மேலே, ஒரு தென்னை உயரத்தில், பறக்கும் பொருள் ஒன்று வந்து நின்றது. பித்தளை நிறம். சத்தம் கிடையாது, ஜன்னல் கிடையாது. கவிழ்த்து வைத்த கல்யாணச் சமையல் உருளி போல விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பு. கர்க்கடக மழை திருவனந்தபுரத்தைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. மாடிக் குழாயில் அடைத்த இலையை எடுத்துவிட ஏறிய சூடாமணி முதலில் பார்த்தது தரையைத்தான். பக்கத்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, அவள் மாடி மட்டும் காய்ந்து கிடந்தது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தாள். வேறு யாராவது இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பார்கள். சூடாமணியோ கீழே போய்க் கூழ் கிண்டி எடுத்து வந்து, ஆடி மாதத்தில் எந்தப் பைத்தியக்காரியும் செய்யாத காரியமாக, வடாம் இட்டாள். மத்தியானத்துக்குள் அத்தனையும் கலகலவென்று காய்ந்துவிட்டன. வாரிக்கொண்டு இறங்கும்போது, இத்தனை நேரம் உபகாரம் பண்ணிவிட்டு வெறுமனே நிற்கிறதே என்று மனசு கேட்காமல், "சரி, போயிட்டு வா" என்றாள். அது உடனே சங்குமுகம் கடற்கரைப் பக்கமாகப் போயிற்று. மறுநாள் காலையில் வந்துவிட்டது.

இதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? அந்தத் தெருவில் யாரும் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை. பால்காரன், மீட்டர் பார்க்க வருகிறவன், பத்திரிகை வைத்துவிட்டு எழுந்திருக்கிற கல்யாணக்காரர்கள், எல்லோருக்கும் 'போயிட்டு வாங்கோ'தான். ஜுரம்கூட அங்கே இறங்குமே தவிரப் போகாது. சூடாமணி தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் வெறும் 'போ' சொல்லியிருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நிச்சயமாகி மண்டபமும் பேசிவிட்ட கல்யாணத்தை மகன் சுமந்த் வேண்டாம் என்று சொன்ன அன்று, ஊர் சிரிக்கிறதே என்ற ஆத்திரத்தில், வாசற்படியில் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் மஸ்கட்டுக்குப் போனான். போனவன் வரவில்லை. அந்தச் சொல் விழுந்த வாசற்படியை அவள் அதற்கப்புறம் தினமும் இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். கல் தேய்ந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

பறக்கும் பொருள் தினமும் வந்தது. மாடிக்கு வராத நேரத்தில் ஊர் சுற்றியது. மலையடிவாரத்து வித்துரா சந்தையில் வாழைக்குலை ஏலம் நடுவில் நின்றுபோய் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பத்தாவது மாடியிலிருந்து அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், படத்தில் அவர்கள் பல் மட்டும் விழுந்தது. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் வீரபாண்டி, திருநெல்வேலிக்காரர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்கிற மனிதர், நனைந்த மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "ஒரு ஓரமா உலத்திக்கிடுதேன் அக்கா" என்று சூடாமணியின் மாடியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். வத்தல் நெடியில் தெருவே தும்மியது. ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் தெருவார் துணியெல்லாம் மீதிப் பாதியில் காய்ந்துகொண்டிருந்தது.

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த மாடி, விமானங்கள் இறங்குகிற வழிக்கு நேர் அடியில் இருந்தது. பொருளைக் கண்ணால் பார்த்த விமானிகள் இறங்க மறுத்தார்கள். ராடாரோ வானம் சுத்தம் என்று சாதித்தது. கொச்சிக்குத் திருப்பி விடப்பட்ட விமானங்களில் ஒன்று மஸ்கட்டிலிருந்து வந்தது. அதில் சுமந்த் இருந்தான். அப்பா பஞ்சாபகேசனுக்கு எழுபது நிறைகிற பீமரத சாந்திக்கு முன்னோட்டமாக, அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவும் பிள்ளையும் போனில் பேசி ஏற்பாடு செய்த வரவு அது. கொச்சியில் இறங்கியவன் ரயில் ஏறி வந்திருக்கலாம். வரவில்லை. அங்கிருந்தே மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டு, "அம்மா சொன்ன சொல் இன்னும் ஆகாசத்துலே நின்னுண்டு என்னை இறங்க விடலை" என்று அப்பாவிடம் சொன்னான். பஞ்சாபகேசன் கெஞ்சிக் கூத்தாடி, சாந்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வரச் சம்மதம் வாங்கினார். அதுவும் இறங்காவிட்டால் அப்புறம் தன்னைக் கூப்பிடவே வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். கணவர் வாயால் இதைக் கேட்ட சூடாமணி அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. தன் மகனை மறித்தது தான் வடாம் காயவைத்த நிழல்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

விமானப்படை விசாரணைக்கு அனுப்பிய அதிகாரி ஸ்குவாட்ரன் லீடர் ரெனி, பாறசாலைக்காரி, சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த கணீர்க் குரல். இரண்டு ஜீப், ஒரு தொலைநோக்கி, நாலு ஜவான்களோடு வந்து சாட்சிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் விழாமல் கேட்டாள். அதுதான் அவர்கள் முறை. வித்துராவில் மலை அளவு என்றார்கள். கழக்கூட்டத்தில் கார் நிறுத்துமிடம் அளவு. சங்குமுகம் மீனவர்கள் கப்பல் என்றார்கள். மற்ற அதிகாரிகளாக இருந்தால் சாட்சிகள் எல்லாரும் புளுகுணிகள் என்று எழுதிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ரெனி ஒரு பகல் முழுக்க ஜீப்பில் அதன் பின்னாலேயே ஓடி, எல்லோரும் சொன்னது நிஜம், நிற்கிற இடம் எவ்வளவோ அவ்வளவாக அது தன்னை ஆக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சூடாமணி வீட்டுக் கூடத்தில் நின்று ஜவான்கள் முன்னாலேயே கைதட்டிச் சிரித்தாள். பிறகு ஒலிபெருக்கி வைத்து, ஆங்கிலம், இந்தி, ரஷ்ய பாஷை, மலையாளம் எல்லாவற்றிலும் அதை விலகச் சொன்னார்கள். அது அசையவில்லை. சாயங்காலம் சூடாமணி வடாம் தட்டோடு வந்து, யாரையும் லட்சியம் பண்ணாமல், "நாழியாச்சு, போயிட்டு வா" என்றாள். அது போயிற்று. ரெனியின் கையிலிருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றது.

"மாமி, நீங்க சொன்னா மட்டும் அது கேக்குதே, என்ன காரியம்?" என்று கேட்டாள் ரெனி.

"எனக்கென்ன தெரியும்? வந்தவாளை முதல்லே விசாரிச்சது நானாக்கும்" என்றாள் சூடாமணி.

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்த ஊர் விமான நிலையம் சூடாமணியின் வாயால்தான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. விமானம் நெருங்கும்போது ரெனி போன் பண்ணுவாள்: மாமி, சார்ஜா வருது. சூடாமணி அடுப்பைத் தணித்துவிட்டு மாடி ஏறி, போயிட்டு வா என்பாள். பொருள் கடல் பக்கம் ஒதுங்கும், சார்ஜா இறங்கும். தோஹா, பெங்களூரு, டெல்லி எல்லாம் அப்படித்தான் இறங்கின. முழங்கால் வலிக்கிறது என்று அவள் ஒரு நாள் முனகியதற்கு, மறுநாளே ஜவான்கள் மாடிப்படியில் கைப்பிடி வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பஞ்சாபகேசன் முதலிலேயே சொன்னது பலித்தது. பழகப் பழக அதற்கு உரிமை வந்துவிட்டது. முதலில் ஒரு நாள் கழித்துத் திரும்பியது, அப்புறம் ஒரு மணி நேரத்தில், அப்புறம் அவள் படி இறங்கி முடிப்பதற்குள். கடைசியில் ஒரு விமானம் இறங்குகிற நேரம்கூட அது வெளியே தங்கவில்லை. போகச் சொன்னால் போயிற்று, வரச் சொன்னபடி வந்தது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

டெல்லியில் பொறுமை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குள் பொருள் வான்வெளியை விட்டுப் போகாவிட்டால் இரண்டு போர் விமானங்கள் வந்து அதைச் சுடும், தெருவைக் காலி பண்ணவும் என்று உத்தரவு. மஸ்கட் விமானமும் அதே ஞாயிறு, அதே மூன்று மணி. மத்தியானம் தெரு ஜனங்கள் குடையும் குழந்தையுமாகக் கோயில் பக்கம் போனார்கள். வீரபாண்டி மட்டும், வத்தலை விட்டுவிட்டு உசிரை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெனி ஒரு காதில் டெல்லியும் இன்னொரு காதில் விமான நிலையமுமாக மாடிப்படியில் ஏறி இறங்கினாள். மஸ்கட் விமானம் கடலுக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு சுற்று பார்ப்பார்கள், அப்புறம் கொச்சிதான் என்று அவள் சொன்னபோது பஞ்சாபகேசன் சட்டை பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரெனி சூடாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மாமி, வெறும் 'போ'ன்னு ஒத்தச் சொல்லு. அது போயிரும், பிளெயின் இறங்கும், உங்க மோன் வீட்டுக்கு வருவான். இல்லேன்னா சுட்டுருவாங்க. நான் சொன்னா அது கேக்கமாட்டேங்குது, நீங்கதான் சொல்லணும்."

சூடாமணி வாயைத் திறந்தாள். தலைக்கு மேலே அந்தப் பித்தளை விளிம்பு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிறாற்போல, ஒரு முழம் கீழே இறங்கிவந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த வார்த்தையை ஒருத்தன்கிட்டே சொல்லிட்டுத்தான் பதினோரு வருஷமா முகம் பாக்காம இருக்கேன். அவனை வரவழைக்க இன்னொண்ணுகிட்டே அதையே சொல்லவா? என்னால முடியாது, கேட்டியா ரெனி" என்றாள்.

கடலுக்கு மேலே விமானம் ஒரு சுற்றை முடித்தது. ரெனி தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சூடாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மேலே பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், திடீரென்று அவள் குரலே மாறிவிட்டது. இடத்துக்குத் தகுந்த அளவு ஆயிடும்னு நீதானே சொன்னே என்று ரெனியைக் கேட்டாள். ரெனி தலை நிமிர்ந்தாள். அதற்குள் சூடாமணி கீழே எட்டிப் பார்த்து, சமையலுள்ளில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருக்கிற கிரைண்டரை நகர்த்தச் சொல்லிக் கணவருக்குக் குரல் கொடுத்தாள். எதற்கு என்று கேட்காமல் பஞ்சாபகேசன் ஒரு காரியம் செய்தது அந்தக் குடும்ப சரித்திரத்தில் அன்று ஒரு நாள்தான். கிரைண்டர் தரையில் உராயும் சத்தம் மாடிக்குக் கேட்டது.

சூடாமணி மாடிக் கதவை விரியத் திறந்து ஒதுங்கி நின்று, "உள்ளே வா" என்றாள்.

அது வந்தது. மாடி அளவு இருந்தது கதவு அளவு ஆயிற்று, படிக்கட்டில் படிக்கட்டு அளவு ஆயிற்று, கூடத்தில் கொஞ்சம் அகலம் கொடுத்து, பஞ்சாபகேசனை இடிக்காமல் சுற்றிக்கொண்டு சமையலுள்ளுக்குள் போய், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாதாரண உருளி அளவில் அடங்கி உட்கார்ந்தது. அந்த க்ஷணமே மாடியில், ஒன்றரை மாதமாக விழாத மழையெல்லாம் சேர்ந்து விழுந்தாற்போல, சோவென்று கொட்டியது. "ஏ, என் வத்தலு!" என்று வீரபாண்டி சாக்கைத் தேடி ஓடினார். ரெனி மழையில் நின்றபடி வானத்தை நாலு திசையும் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக, வான்வெளியில் ஒன்றும் இல்லை என்று டெல்லிக்கும் விமான நிலையத்துக்கும் சொன்னாள். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. போர் விமானங்கள் பாதி வழியில் திரும்பின. மஸ்கட் விமானம் அடுத்த சுற்றில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, சமையலுள்ளில் டப்பாக்கள் எல்லாம் கிலுகிலுக்க, அக்ரகாரத்தின் தலைக்கு மேலே போயிற்று. சூடாமணி நனைந்த புடவையோடு அதன் வயிற்றைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

சுமந்த் டாக்ஸியில் வந்து இறங்கியபோது காதோரம் நரைத்திருந்தது. தேய்ந்த வாசற்படிக்கு முன்னால் பையோடு நின்றான், கால் எடுத்து வைக்கவில்லை. சூடாமணி எத்தனையோ பேசவேண்டும் என்று வைத்திருந்தாள், பதினோரு வருஷத்துப் பேச்சு. அன்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பழகியிருந்ததுதான் வந்தது.

"உள்ளே வா" என்றாள்.

வந்தான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து யார் அம்மா இது என்று கேட்டான். முதலில் தலையைத் துடை, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டாள். சாந்தி நல்லபடி நடந்தது. அத்தனை பேருக்கும் வடாம் போதாமல் போகவில்லை. விசாரணையை விமானப்படை முடித்துக்கொண்டது. ஆனாலும் ரெனி மாதம் ஒரு சனிக்கிழமை மழையோ வெயிலோ வந்து, சமையலுள்ளில் அதைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, போயிட்டு வரேன் மாமி என்று சொல்லிக்கொண்டு போகிறாள். சுமந்த் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று, வாசற்படியில் நின்று, கேட்காமலே, "போயிட்டு வரேன்மா" என்றான். சூடாமணி, "போயிட்டு வா" என்றாள். உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்தது எழும்பி, சமையலுள் நிலையில் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்து, உன்னைச் சொல்லவில்லை, நீ இரு என்றாள். அது போய் உட்கார்ந்துகொண்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் சுமந்த் வந்தான். விமானம் பத்து நிமிஷம் முன்னதாகவே இறங்கிவிட்டது.