அழத் தெரிந்தவர்கள் தேவை

சினிமாவில் அழுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் நர்சம்மா சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். சொன்னது மகள். "அப்பா செத்தப்ப ஒரு சொட்டு கண்ணீர் விடலியே நீ! அங்க போயாவது அழேன்."

சுருக்கென்று தைத்தது. ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் கழித்தவளுக்கு அழுகை மரத்துப்போனதில் என்ன அதிசயம்? ஆனால் பெற்ற மகளே கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறாளே! வாய்ப்பு கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும், அவள் கண்ணெதிரே ஒருமுறை அழுதுவிட வேண்டும். மகளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

வாடகைக்கு எடுத்த மாடி ஹால். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். கொத்தனார், டியூஷன் வாத்தியார், தையல்காரி என்று வந்திருந்தவர்கள் எல்லோரும் வியர்த்து வழிந்தார்கள். பெஞ்சில் மேக்கப்காரர் பிணமாகப் படுத்திருந்தார். பாவம், காலையிலிருந்து செத்துச் செத்து மனுஷனுக்கு இடுப்பே போய்விட்டது.

"இவர் உங்க புருஷன்மா. இப்பதான் உயிர் போச்சு. கதறி அழணும்" என்றார் டைரக்டர்.

நர்சம்மா அழத்தான் போனாள், சத்தியமாக. கை கேட்டால்தானே! கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தது, இமைகளை மூடியது, கைகால்களை நேராக்கியது, துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டது. பிறகு அவள் திரும்பி, "சொந்தக்காரங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டைரக்டர் தலையில் கை வைத்தார். கதவோரம் நின்ற மகள் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் நர்சம்மாவுக்கு உறைத்தது. அவர் போன அன்றும் இதே குரலில், இதே வார்த்தையைச் சொல்லித்தான் மகளை வெளியே அனுப்பினாள். தானும் ஒரு சொந்தக்காரிதான் என்பது அன்றைக்கு அவளுக்கு நினைவிலேயே இல்லை.

மகள் விறுவிறுவென்று உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குப் போனேன். இன்னைக்குப் போக மாட்டேன்மா."

நர்சம்மா பெஞ்சோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொண்டையிலிருந்து முதலில் இருமல்போல ஏதோ வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே! ஐயோ, போயிட்டீங்களே!" மேக்கப்காரர் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

கேமராவை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, போதும். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் மகள். "எங்கம்மா இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க."