வெண்டல் க்ரோக்கின் பொறாமை எடை

வெண்டல் க்ரோக்கின் பொறாமை ஒரு கிரெய்னில் பத்தில் மூன்று பங்கு எடை இருந்தது. துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே மூன்று முறை நிறுத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். ஒரு கிரெய்ன் என்பது ஒரு பார்லி மணி அளவு. அதில் பத்தில் ஒரு பங்குக்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்கள் மொன்டானாவின் எங்கள் கார்னெட் பிளாட்டில் உண்டு. தோட்டாவைக் கடையில் வாங்குகிறவனை இங்கே யாரும் திட்டமாட்டார்கள், பரிதாபமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வெற்றுத் தோட்டாக் குப்பியில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி, தன் தோட்டாவைத் தானே செய்பவன்தான் ஆண்பிள்ளை என்று கணக்கு. ஆகஸ்டில் நடக்கும் சுடும் போட்டியில் குறி அட்டையில் யாருடைய ஐந்து துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அவனுக்கு ஒரு புகையூட்டிய பன்றித்தொடை பரிசு. பதினொரு ஆண்டுகள் அது வெண்டலின் வீட்டுக்கே போயிற்று.

அவன் மருந்து நிறுக்கும் அழகே தனி. நிலவறையில் கணப்பை அணைத்துவிடுவான், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவான், மூச்சைப் பிடித்துக்கொண்டு சாமணத்தால் துகள் துகளாகத் தட்டில் போடுவான். 1971-இல் தானியக் கிடங்குக்கு மெக்கானிக்காக ஆர்லோ ட்வேட் வந்து சேர்ந்தான். பொத்தானை மாற்றிப் போட்ட சட்டை, பல்லிடுக்கில் எப்போதும் ஏதாவது. இந்த மனிதனுக்குத் தராசே கிடையாது. கைப்பிடி வளைந்த காப்பிக் கரண்டியால் டப்பாவிலிருந்து மருந்தை அள்ளிப் போடுவான், அள்ளும்போது மீன் பிடித்த கதை வேறு சொல்லுவான். அவன் அள்ளிய நூறு கரண்டிகளை நிறுத்தோம். நூறும் ஒரே எடை. பேச்சை நிறுத்தச் சொன்னோம், இடது கையால் அள்ளச் சொன்னோம், முதுகைக் காட்டி நிற்கச் சொன்னோம். அதே எடை. தேவாலயத்துப் பெண்கள் மாவையும் சோடா உப்பையும் அவனிடம் கொண்டுபோக ஆரம்பித்தார்கள், ஊரில் ரொட்டி நன்றாக உப்பியது. மூன்று ஆண்டுகளாகப் பன்றித்தொடை ஆர்லோவுக்குப் போனது.

வெண்டலுக்கு வயிறு எரிந்தது. ஒரே தயாரிப்பு எண் கொண்ட மருந்து டப்பாக்கள்தான் ஒரே மாதிரி எரியும் என்பதால், கடையிலிருந்த அந்த எண் டப்பாக்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் அடுக்கினான். ஆர்லோ மிச்சம் மீதியைக் கலந்து சுட்டு ஜெயித்தான். அடுத்த வசந்தத்தில் வெண்டலின் வலது கண்ணில் புரை விழுந்தது. இந்த ஆகஸ்ட்தான் கடைசி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மாதத்திலிருந்துதான் அவனுடைய துளைகள் மேலும் கீழுமாக வரிசை கட்டின. மருந்து கூடிக் குறைந்தால்தான் அப்படி விழும்.

தராசைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "கெட்டுப்போச்சுடா இது. சனியன், நேரத்துக்கு ஒரு எடை காட்டுது." நான் நிறுத்தேன், சரியாக இருந்தது. அவனும் நிறுத்தான், சரியாகத்தான் இருந்தது. "ஆர்லோகிட்ட காட்டலாமா? அவன் எந்த மெஷினையும் சரி பண்ணிடுவானே" என்றேன். முள் பத்தில் மூன்று தாழ்ந்தது. பெயரை மறுபடி சொன்னேன், மறுபடி தாழ்ந்தது. அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொன்னேன், அசையவில்லை. அவன் ஆர்லோவை நினைக்கும்போதெல்லாம் பொறாமை தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அந்த அளவுக்கு மருந்து குறைந்தது. நினைக்காதபோது குறையவில்லை.

நினைக்காமல் இருக்க முயன்றான். நடக்கிற காரியமா? ஆர்லோவோடு நட்பாகிவிடலாம் என்று ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்று தட்டு பத்தில் ஐந்து தாழ்ந்தது. கடைசியில் அவன் மனைவி லோர்னாதான் வழி சொன்னாள். "உன் பொறாமை எங்கயும் போகாது. அத ஒரே அளவுல வெச்சுக்கோ. எவ்ளோ மருந்துங்கறது பெருசில்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரே அளவா இருக்கணும்னு நீதான உபதேசம் பண்ணுவ?"

போட்டிக்கு முந்தின நாள் மதியம் இருவரும் நிலவறையில் உட்கார்ந்தார்கள். நான்கு அட்டைகள், அட்டைக்கு ஐந்தாக இருபது தோட்டாக்கள் வேண்டும். வெண்டல் தட்டை வைத்ததும் லோர்னா ஆர்லோவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வாள், முள் மூன்று தாழும், அவன் குறிவரைக்கும் மருந்து போடுவான். "நம்ம தண்ணிக் குழாய ரிப்பேர் பண்ணிட்டு ஒரு சென்ட் கூட வாங்கல." மூன்று. சொன்னதையே திருப்பிச் சொன்னால் முள் அசையவில்லை, அதனால் புதிது புதிதாகச் சொன்னாள். "பனியில என் கார் மாட்டினப்ப கோட்டக் கழட்டி சக்கரத்துக்கு அடியில போட்டான்." மூன்று. "தேவாலயத்துல அவன் குரல் மட்டும் தனியா கேக்கும்." மூன்று. யோசிக்கவே இல்லை அவள். பத்தொன்பது சொல்லி முடித்தாள்.

வெண்டல் சாமணத்தைக் கீழே வைத்தான். "இதெல்லாம் எத்தன நாளா சேத்து வெச்சிருக்க?"

"பாத்தது ஞாபகம் இருக்கு. அதுக்கென்ன?"

"என்னப் பத்தி ஏதாவது இருக்கா, இல்ல மொத்தமும் அவன் கணக்குலதானா?"

"நீ கேட்டாத்தான? இத்தன வருஷத்துல இப்பதான் கேக்கற." "எங்கம்மா செத்த அன்னிக்கு என் கறுப்பு கவுன்ல பூனை முடி ஒட்டியிருந்துச்சு. இதே சாமணத்த வெச்சு ஒண்ணொண்ணா எடுத்த. எல்லாரும் வெளிய கார்ல காத்துகிட்டிருந்தாங்க. முழுசா எடுத்து முடிச்ச பிறகுதான் என்ன விட்ட."

முள் அசையவில்லை. வெண்டல் குறிவரைக்கும் மருந்து போட்டான். மற்ற பத்தொன்பதைவிடப் பத்தில் மூன்று கூடுதல் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கொட்டிவிட்டு மறுபடி நிறுத்திருக்கலாம். குண்டை அழுத்திப் பெட்டியின் கடைசிக் குழியில் வைத்தான்.

மறுநாள் மூன்று அட்டைகள் முடிந்தபோது அவனும் ஆர்லோவும் மயிரிழை வித்தியாசமில்லாமல் சமம். நான்காவது அட்டையில் வெண்டலின் நான்கு குண்டுகள் ஒரே துளையில் போயின. ஐந்தாவது ஒரு விரல்கடை மேலே போயிற்று. கூட்டம் காற்றைத் திட்டியது. "எல்லாம் ஒரே அளவுன்னியே?" என்று கேட்டேன். "அது ஒண்ணு மட்டும் வேற" என்று சொல்லி நடந்ததைச் சொன்னான். லோர்னா வந்து அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காருக்குப் போனாள்.

ஆர்லோ பன்றித்தொடையைக் கக்கத்தில் இடுக்கியபடி அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தோத்த அட்டைய எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்றான். என் வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தன்னுடைய ஒற்றை அறைக்குப் போய், அந்தத் தொடையை ஒன்பது நாட்கள் தனியாகத் தின்றான். பத்தாம் நாள் சங்கத்தில் அவன் அள்ளிய மருந்து முதல் முறையாகப் பத்தில் இரண்டு கூடியது. கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதிலிருந்து சங்கத்தில் மருந்து நிறுக்கும்போதெல்லாம் பொறாமைக்கென்று வெண்டலுக்கு மூன்றும் ஆர்லோவுக்கு இரண்டும் கழித்துக்கொள்கிறோம்.