மிதிக்க லேசான பிரேக்

என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வண்டி உண்டு. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோட தரையா ஓடுற பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதுக்கு நான் வச்ச பேரு சக்களத்தி. அவருக்கு அந்தப் பேரு பிடிக்காது. பிடிக்காதுன்னுதான் வச்சேன்.

கல்யாணமான நாள்ல இருந்து அதுல பக்கத்துச் சீட்டு எனக்குத்தான். மழையில நனைஞ்சிருக்கேன், வெயில்ல கருகியிருக்கேன், நடு ரோட்டுல நின்னுட்டா இறங்கித் தள்ளியிருக்கேன். அதோட பிரேக்கைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர்ல இருக்கிற ஆயிலை அது தள்ளும், ஆயில் குழாய் வழியாப் போய் சக்கரத்தைப் பிடிக்கும். பழைய சிலிண்டர்ல ஒரே அறை. எங்கயாவது ஒரு இடத்துல கசிஞ்சாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கோவிந்தா. மாத்துங்க, மாத்துங்கன்னு நான் தொண்டை கிழிய கத்தியிருக்கேன். "அந்தக் காலத்து இரும்புடீ, அது எங்கயும் போகாது"ன்னு என் வாயை அடைச்சிடுவாரு.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் சாப்பிடுறப்ப, தட்டை விட்டுத் தலையைத் தூக்காம, "மாஸ்டர் சிலிண்டரை மாத்தலாம்னு இருக்கேன். புதுசுல ரெண்டு அறை. முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்"னாரு.

எனக்கு மூக்கு வேர்த்துச்சு. இத்தனை வருஷமா நான் உக்காந்துட்டு வந்தப்ப இல்லாத பாதுகாப்பு இப்ப யாருக்கு?

சும்மா சந்தேகப்படுற ஆளு இல்ல நான். கொஞ்ச நாளாவே அவரு போக்கு சரியில்ல. வீட்டுலயே ஜன்னல் திரை தைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க மெஷினுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறதால, சாயங்காலம் அவரோட கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவேன். அதை நிறுத்திட்டாரு. "நீ போயிட்டு வா, எனக்கு வேலை இருக்கு." என்ன வேலை? அவரு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரு, அதை வீட்டுக்குத் தூக்கிட்டா வர முடியும்? எங்க வீடு மாடியில, வண்டி கீழ ஷெட்டுல. வேலை முடிஞ்சு வண்டிச் சத்தம் கேட்கும், ஆளு மேல வர மாட்டாரு. எட்டிப் பார்த்தா வண்டியை அணைச்சிட்டு உள்ளேயே உக்காந்திருப்பாரு. நான் பார்க்கிறது தெரிஞ்சா உடனே போனைக் காதுல வச்சுக்குவாரு.

"யாருங்க போன்ல?"

"கஸ்டமர்."

கேட்டதுக்கு பதில் வந்துச்சே தவிர, மூஞ்சி பிடி கொடுக்கல. திருட்டு முழி. இந்த முழியை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல.

என் அக்காவுக்கு போன் பண்ணிப் புலம்பினேன். அவகிட்ட சொல்றது எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துற மாதிரின்னு தெரியும். இருந்தாலும் வேற யார்கிட்ட சொல்றது?

"புதுசா செருப்பு கிருப்பு வாங்கினாராடீ?"ன்னா.

வாங்கியிருந்தாரு. லேஸ் கட்டுற ஷூவை மூலையில போட்டுட்டு, சும்மா நுழைச்சுக்கிற மாதிரி ஒண்ணு.

"அவ்வளவுதான். சக்களத்திக்கே ஒரு சக்களத்தி வந்துட்டா" அப்படின்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. போனை வச்சிட்டேன். அந்த ஆளு இல்லாம இந்த வீட்டுல நான் யாருகூட சண்டை போடுவேன்னு நினைச்சதுமே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அடுத்து நடந்ததுதான் பெரிய கூத்து. வண்டிச் சாமான்னா யாரையும் தொட விடாத மனுஷன், "ஸ்பேர் கடையில சிலிண்டர் வந்திருச்சாம், நீயே போய் வாங்கிட்டு வந்துடேன்"னாரு. அந்தக் கடை முதல் மாடியில இருக்கு. அங்க யாரு கண்ணுல படக் கூடாதுன்னு இவரு பதுங்குறாருன்னு பார்த்துடலாம்னு நானே போனேன்.

கடையில ஒரு வழுக்கைத் தலைக்காரர் மட்டும்தான் இருந்தாரு. டப்பாவைத் திறந்து காட்டினாரு.

"பார்த்துக்கங்கம்மா, அப்புறம் அளவு மாறிப்போச்சுன்னு திருப்பிக் கொண்டு வரக் கூடாது. இந்த வண்டிக்கு உண்டான அளவு இது இல்ல. விட்டம் குறைஞ்சதுதான் வேணும்னு சார் போன்ல ஒத்தக் கால்ல நின்னாரு."

"விட்டம் குறைஞ்சா என்ன ஆகும்?"

"பெடல் கொஞ்சம் ஆழமா இறங்கும். ஆனா மிதிக்க லேசா இருக்கும், பஞ்சு மாதிரி. நீங்க ஓட்டப் போறீங்களா?"

"எனக்கு சைக்கிளே வராது."

"அப்ப வீட்டுல வேற லேடீஸ் யாராவது ஓட்டுறாங்களா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே டப்பாவை மூடிக் கொடுத்தாரு.

எப்படிப் படியிறங்கினேன்னு எனக்கே தெரியாது. அந்தப் பழைய பெடலை கழுதை உதைக்கிற மாதிரி உதைச்சாத்தான் வண்டி நிக்கும். அதைப் பஞ்சாக்குறாரு. எந்தப் பூப்பாதத்துக்கு? ரெண்டு சீட்டு வண்டியில அவ ஓட்டுவா, இவரு பக்கத்துல உக்காருவாரு. எனக்கு எங்க இடம்? டிக்கியிலயா?

வந்ததும் கேட்டே புட்டேன். "விட்டம் ஏன் குறைச்சு வாங்கினீங்க?"

அவரு ஸ்பேனரைத் துணியால துடைச்சாரு. ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு. "அதுதான் கிடைச்சுது."

பொய். கடைக்காரர் சொன்னதை நான் சொல்லல. கையும் களவுமா பிடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கிறதில்லைன்னு இருந்தேன். ஆனா அந்த வாரம் பூரா உப்பு கம்மி, துண்டு ஈரம்னு எதுக்கெடுத்தாலும் சண்டை. எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்புச்சு. தப்புப் பண்ணினவன்தானே இப்படித் தாங்கிக்குவான்?

ஞாயித்துக்கிழமை காலையில சிலிண்டரை மாட்டினாரு. முன்பக்கம் மூடியைத் திறந்து நின்னவாக்குல செய்யிற வேலை, முடிஞ்சுது. மிச்சம் இருந்தது குழாய்ல இருந்து காத்து எடுக்கிறது. அதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் சீட்டுல உக்காந்து பெடலை மிதிச்சுப் பிடிக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட பிரேக் குழாய் முனையில இருக்கிற நிப்பிளைத் திறந்து, காத்தும் ஆயிலும் வந்ததும் மூடணும். மூடின பிறகுதான் மேல இருக்கிறவர் காலை எடுக்கலாம். முன்னாடியே எடுத்தா வெளிய போன காத்து திரும்ப உள்ள ஏறிடும். எப்பவும் நான்தான் மேல, அவருதான் கீழ.

அன்னைக்கு அவரு போய் சீட்டுல உக்காந்துட்டாரு. "நீ கீழ உக்காரு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உள்ள என்னத்தை ஒளிச்சு வச்சிருக்காரு, என்னை ஏற விடாம? கேட்கலை. பாயைப் போட்டு, சக்கரத்தைக் கழட்டின இடத்துல உக்காந்து, நிப்பிள்ல குழாயைச் சொருகி பாட்டிலுக்குள்ள விட்டேன். அங்கிருந்து பார்த்தா அவரு தலைமுடி கூடத் தெரியாது. குரல் மட்டும்தான்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு."

திறந்தேன். குமிழ் குமிழா வந்துச்சு. மூடப் போறதுக்குள்ள ஆயில் குழாய்ல சர்ருன்னு திரும்பி மேல ஏறிடுச்சு.

"காலை எடுத்துட்டீங்களா?"

"இல்லையே. பிடிச்சிருக்கேன்."

திரும்பவும் அதேதான். அதுக்கடுத்த தடவையும். வெளிய வந்த காத்து அவ்வளவும் உள்ள போகுது, அவரு மேல இருந்து "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்"ங்கிறாரு. என் கண்ணு முன்னாடி ஆயில் சாட்சி சொல்லுது, இந்த ஆளு கூசாம பொய் சொல்றாரு. வேலை முடியக் கூடாதுன்னே பண்றாரா? நான் சலிச்சுப்போய் எழுந்து போயிடணும், அப்புறம் அவளை வரவழைச்சு முடிச்சுக்கலாம்னா? உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிடுச்சு.

"மிதிங்க"ன்னு குரல் கொடுத்துட்டு, நிப்பிளைத் திறந்து விட்டுட்டு, சத்தம் போடாம எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

ரெண்டு கையையும் வலது முட்டி மேல வச்சு, உடம்பு பாரம் மொத்தத்தையும் போட்டு அமுக்கிக்கிட்டு இருந்தாரு. கழுத்து நரம்பு புடைச்சிருந்துச்சு. பெடல் மேல பாதம் நடுங்கி, வழுக்கி, கீழ விழுந்துச்சு. கீழ நான் இல்லைன்னு தெரியாம, காலி பாயைப் பார்த்து "பிடிச்சிருக்கேன்"னாரு.

அப்புறம்தான் தலையைத் தூக்கினாரு.

"எத்தனை நாளா?"ன்னேன்.

"கொஞ்ச நாளா. படி ஏற முடியல. மொதல்ல மரத்துச்சு, இப்ப சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட?"

"போகல. போனா ஓட்டாதேன்னுடுவாங்க." கையைத் தொடையில துடைச்சுக்கிட்டாரு. "விட்டத்தைக் குறைச்சா பாதி பலம் போதும்னு கணக்குப் போட்டேன். சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்."

கால் போகுதுன்னா காலைக் காட்டாம காருக்கு வைத்தியம் பார்த்திருக்காரு. உலகத்துல இப்படி ஒரு புத்தி வேற எவனுக்கு வரும்?

"உங்களுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். உன் அக்கா போன்ல பேசினாலே மாடியில இருந்து ஷெட்டு வரைக்கும் கேட்குமே."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"சந்தேகப்பட்டா சண்டை போடுவ. இது தெரிஞ்சா என்னைப் பாவமா பார்ப்ப. அதுக்கு சண்டையே தேவலைன்னு விட்டுட்டேன்."

சத்தியமா சொல்றேன், வேற ஒருத்தி இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு. அவளைன்னா முடியைப் பிடிச்சு இழுத்துத் தெருவுல விட்டிருப்பேன். இதை எங்க பிடிச்சு இழுக்கிறது?

கீழ பாட்டில் நிரம்பி, ஆயில் தரையில ஓட ஆரம்பிச்சிருந்துச்சு.

"நிப்பிள் திறந்திருக்கு. மூடு, சிலிண்டர் காலியாயிடும்"னாரு.

"ஆகட்டும்."

மத்த மூணு சக்கரத்துக்கும் போய், ஒவ்வொரு நிப்பிளையும் திறந்து விட்டேன். பிரேக்கே இல்லாத வண்டியை எப்படி ஓட்டுறாருன்னு பார்த்துடலாம். அவரு சீட்டுல உக்காந்தபடியே பார்த்துக்கிட்டு இருந்தாரு, தடுக்க எழுந்திருக்க முடியல. நிப்பிளை மூடுற ஸ்பேனரை என் பையில போட்டுக்கிட்டு டாக்சிக்கு போன் பண்ணினேன்.

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருப்பான்?"

"பெரிய ஆஸ்பத்திரியில இருப்பான். வாயை மூடிக்கிட்டு இறங்குங்க. படிக்காத முட்டாள் கூட இப்படிப் பண்ண மாட்டான். கால்ல ஒண்ணுன்னா பொண்டாட்டிகிட்ட சொல்லத் துப்பில்ல, சிலிண்டர் வாங்குறாராம், சிலிண்டர்."

டாக்சியில ஏத்துறப்ப அவரு பாரம் முழுக்க என் தோள்ல இருந்துச்சு. நான் நினைச்சதை விட அதிக பாரம். திட்டுறதை நிறுத்தினா அழுதுடுவேன்னு தெரிஞ்சுது, அதனால ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிறுத்தவே இல்ல.