வேகம் காணாது

மறைப்புக்குக் கட்டிய வெள்ளைத் துணி ஒரு பக்கம் எட்டவில்லை. வெள்ளவத்தை வீட்டின் பின்முற்றத்தில், இறந்துபோன தகப்பனின் மையத்தைக் குளிப்பாட்டக் காத்துநின்ற ஆண்களிடம் மர்லியா இன்னொரு படுக்கை விரிப்பை எடுத்து நீட்டினாள். வாப்பா போர்த்திக்கொள்வது அது. துவைத்து வைத்ததில் சோப்பு வாசம் மட்டுமே இருந்தது.

அவளுடைய வாப்பா அலவி, ஒரு கிரிக்கெட் கிளப்புக்காகப் பள்ளிக்கூட மைதானங்களில் வேகப்பந்துக்காரர்களைத் தேடித் திரிந்தவர். அவர் கைகாட்டிய பொடியனைக் கிளப் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

நேற்றுப் பின்னேரம் கஞ்சியைத் தள்ளிவிட்டு அவர் கேட்டார்.

"கொட்டாஞ்சேனையில பந்து போட்ட தமிழ்ப் பொடியன் ஞாபகம் ஈக்கிதா, மகள்?"

"சிவானந்தனா? பெருநாளைக்கு வந்து போற ஆள்தானே, வாப்பா."

"அவனுக்கு வேகம் காணாது, பத்தாதெண்டு சொன்னேன். பொய். அவனப் போல ஒருத்தன நான் பொறகு பாக்கவே இல்ல."

மர்லியா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸில வெளியூர் மேட்சுக்குப் போனா, ஒவ்வொரு செக்பொயின்ட்லயும் ஆமிக்காரன் தமிழனெண்டு அவன எறக்குவான். இவன ஏன் கொண்டுவந்தீங்கண்டு கிளப்புல என்னயத்தான் கேப்பாங்க. அந்தக் கரைச்சல் வேணாமிண்டு நெனச்சேன்." மூச்சு வாங்கியது. "அவன் வந்தா சொல்லு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். விடியற்காலை சுபஹு பாங்குக்கு முன்பே அடங்கிவிட்டார்.

மையத்தை வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டு முன்னறையில் கிடத்திய பிறகு சிவானந்தன் வந்தான். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றமொன்றில் கிளார்க். வழியில் செக்பொயின்டில் காட்டிய அடையாள அட்டை இன்னும் கையிலேயே இருந்தது. அலவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு மர்லியா நின்ற நடைக்கு வந்தான்.

"ரேடியோவிலை அறிவித்தல் கேட்டு ஓடி வந்தனான், அக்கா. எல்லாரும் என்னைப் புகழ்ந்து புழுகிக்கொண்டிருக்கேக்கை, உனக்கு வேகம் காணாது, படிச்சு ஒரு வேலையைப் பார் எண்டு அலவி சேர்தான் உண்மையைச் சொன்னவர். இல்லாட்டி நான் பந்தையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அலைஞ்சிருப்பன்."

உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா நேத்து ஒங்களப் பத்திப் பேசினாங்க."

"என்னைப் பற்றியோ? என்ன சொன்னவர்?"

"நல்ல வேகம் ஈந்திச்சிண்டு சொன்னாங்க. ஒங்களப் போல வேற ஆளப் பாக்கல்லண்டு."

சிவானந்தன் தலையைக் குனிந்து சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

"பாவம் சேர். போற நேரத்திலையும் என்ர மனம் நோகக்கூடாதெண்டு நினைச்சிருக்கிறார்."

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். செக்பொயின்ட், பஸ், கிளப் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். வாசலில் யாரோ ஆண்களைக் கூப்பிட்டார்கள்.

"நானும் ஒருக்கால் தூக்கலாமோ, அக்கா?"

"தூக்குங்க."

அவள் ஜன்னலுக்குப் போனாள். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டி தோள்களுக்கு ஏறியதும் அவன் பக்கம் உயர்ந்து, தலைமாடு சரிந்தது. எல்லாரிலும் நெட்டையன் அவன். அவன் முழங்காலை மடித்துத் தன்னைக் குறுக்கி மற்றவர்களின் மட்டத்துக்கு இறங்கினான். ஒழுங்கை முடியும்வரை அப்படியே குனிந்தபடி நடந்தான்.