ஒரு சாண் தள்ளிப் பிடித்த காந்தம்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. வாய்விட்டுச் சொன்னவரிடமிருந்து எடுத்தது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் நூல் வெளியீட்டு விழா. வந்தவர்களுக்கு அன்பளிப்பாக, நூலின் அட்டைப்படம் போட்ட, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமும் வைத்திருந்தோம். கூட்டம் முடிந்தபோது மேசையில் ஒரு காந்தம்கூட இல்லை. நூல்கள் அப்படியே இருந்தன.

காந்தங்களைச் செய்வித்துத் தந்தவர் கிறிஸ்துநாயகம். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ஒரு கடையில் சிவப்பு பஸ், டெலிபோன் கூண்டு, மணிக்கூட்டுக் கோபுரம் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காந்தம் விற்பவர். மிஞ்சிய நூல்களைக் காரில் ஏற்றக் கூப்பிட்டேன்.

"ஏலாது அண்ணை. நெஞ்சுக்குள்ளை பேஸ்மேக்கர் வைச்சிருக்கு. பாரம் தூக்கப் பயமாக் கிடக்கு. காந்தமெண்டால் நெஞ்சிலை இருந்து ஒரு சாணாவது தள்ளிப் பிடிக்கவேணுமெண்டு டொக்டர்மார் சொன்னவை. முந்திக் கடையிலை காந்தப் பெட்டியளை நெஞ்சோடை அணைச்சுத்தானே தூக்கினனான், இப்ப கையை நீட்டித்தான் தூக்கவேணும்."

"முதலாளிக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை. முந்தி ஒருத்தருக்கு நாரி பிடிச்சுக் குனிய ஏலாமல் போக, அடுத்த கிழமை ஆளை வேலையாலை நிப்பாட்டினவர். நான் ஊருக்குப் போறன் எண்டு லீவு எடுத்துத்தான் ஒப்பரேசன் செய்தனான். திரும்பிப் போகேக்கை இஞ்சை கடையிலை பனங்கட்டி வாங்கி, ஊரிலை இருந்து கொண்டு வந்ததெண்டு குடுத்தனான். ருசி பாத்திட்டு, ஊர்ச் சாமான் ஊர்ச் சாமான்தான் எண்டார்."

"இதை ஏன் தம்பி என்னட்டைச் சொல்லுறீர்?"

"நீங்கள் எழுதினாலும் ஆர் அண்ணை வாசிக்கப் போகினம்?"

அவர் நக்கலடிக்கவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது.

2.

முதல் வரி, முதல் முயற்சி: "இதயத்தில் இயந்திரம் வைத்தவன் காந்தம் விற்றான்."

எழுதிவிட்டு எழுந்து இரண்டு தரம் அறைக்குள் நடந்தேன், அவ்வளவு பெருமை. என் மனைவி தவமலர் எட்டிப் பார்த்தாள். "என்ன, சினிமாப் பாட்டு எழுதத் தொடங்கிட்டியளோ?"

இரண்டாம் முயற்சி: "தேம்ஸ் அன்று சாம்பல் நிறமாக—" [அது என்றைக்கு வேறு நிறத்தில் ஓடியது?]

மூன்றாம் முயற்சி: "புலம்பெயர் வாழ்வின் குறியீடாகக் காந்தத்தை நாம்—" [கட்டுரையாளர் வந்துவிட்டார். வெளியே அனுப்பியாயிற்று.]

3.

கதாநாயகன் சரியில்லை. சீனாவில் செய்த லண்டனை விற்றுக்கொண்டு அவர் சோகமாக நிற்க வேண்டும் என்பது என் திட்டம். அவரோ, "நல்ல வேலை அண்ணை. கோபத்தோடை ஆரும் காந்தம் வாங்க வாறேல்லை. இந்த வயசிலை இதை விட்டால் எனக்கு வேறை எங்கை?" என்கிறார். சோகம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் நூல்கள் விற்காத சோகம்.

4.

ஆய்வுக்காகக் கடைக்குப் போனேன். [ஆய்வு என்றால், வேலை செய்பவரின் நேரத்தை வீணாக்குவது.] முதலாளி யோகலிங்கம் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"நீங்கள்தானே கதை எழுதுறவர்? உங்கடை எழுத்திலை ஒண்டையும் நான் விடுறேல்லை. புத்தகமும் காசு குடுத்து வாங்கினனான்."

எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடங்களில் என் முதல் வாசகர்! அவருக்குப் பின்னால் கிறிஸ்துநாயகம் ஒரு பெட்டியை நெஞ்சில் படாமல், கைகளை நீட்டித் தூக்கிக்கொண்டு நின்றார். கண் என்மேல் இருந்தது.

"அடுத்த கதை எதைப் பற்றி?" என்றார் யோகலிங்கம்.

"வானிலை," என்றேன்.

5.

முதலாளி கண்டுபிடிக்காமல் இருக்க, கதைக்கு மாறுவேடம் போட்டுப் பார்த்தேன். காந்தத்தைக் குடையாக மாற்றினேன். குடையை நெஞ்சோடு அணைத்தால் யாருக்கு என்ன? கதை படுத்துவிட்டது. ஊரைப் பாரிஸ் ஆக்கினேன். அங்கும் கடை வாசலில் ஒரு யாழ்ப்பாணத்து முதலாளி வந்து நின்று, "உங்கடை எழுத்திலை ஒண்டையும் விடுறேல்லை" என்றார்.

6.

முடிவு (அ): முதலாளிக்கு உண்மை தெரிகிறது, வேலை போகிறது. விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

முடிவு (ஆ): கடை வாசலில் பெட்டியோடு விழுகிறார். சிவப்பு பஸ்கள் நடைபாதையெங்கும் சிதறுகின்றன. எழுதி முடித்துவிட்டு நன்றாக அழுதேன். பிறகு பயம் பிடித்து, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று போன் எடுத்தேன்.

"சோறு சாப்பிடுறன் அண்ணை. என்ன விசயம்?"

எல்லாவற்றையும் சொன்னேன்: கதை, முதலாளி வாசிப்பார் என்ற பயம், முடிவில் நான் அவரை விழுத்தியது. எல்லாவற்றையும் கிழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். மனமில்லாமல்தான் சொன்னேன். சோற்றுக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கிழியாதேங்கோ," என்றார். "நான் நேரை சொன்னால் அவர் கோவிப்பார். கதையிலை வந்தால் நல்ல மனுசனாய் நிக்கத்தான் பாப்பார். வேலையை விட எனக்கு விருப்பமில்லை. பெட்டி தள்ள ஒரு ட்ரொலி இருந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். ஆனா முடிவை மட்டும் நீங்கள் எழுதாதேங்கோ, அண்ணை. உங்கடை முடிவிலை நான் விழுந்திடுறன்."

7.

ஆகவே, அன்புள்ள வாசகரே... இனி எதற்கு மறைப்பு? யோகலிங்கம் அண்ணை, இவ்வளவு தூரம் வாசித்து வர உங்களைவிட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பனங்கட்டி ஈஸ்ட் ஹாமில் வாங்கியதுதான். ஆனாலும் உங்களுக்கு ருசித்தது உண்மை.

நாளைக் காலை கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சரக்கு வான் வந்து நிற்கும். கிறிஸ்துநாயகம் முதல் பெட்டியைக் கைகளை நீட்டித் தூக்குவார், ஒரு சாண் தள்ளி. ஒழுங்கை நீளமானது. அவருடைய கை எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது, அண்ணை. அந்தக் கடைக்கு ட்ரொலி வாங்க வேண்டியவர் நான் இல்லை.